உதவி கேட்பதற்கு முன் பிபிஓவை எடுங்கள்

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் ஏஎஸ்சி டிரைவராக இருந்தவர். 1999இல் கார்கில் பக்கம் கான்வாயில் போகும்போது வண்டி பள்ளத்தில் உருண்டு முதுகுத்தண்டில் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. 100 சதவீத ஊனம் என்று எழுதி 2000இல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து குளிப்பாட்டுவது, கதீட்டர் போடுவது, தூக்கி உட்காரவைப்பது எல்லாம் நான்தான். எனக்கு இப்போது 51 வயது. கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எடையே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்கிறார். செலவை நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்கோ பின்பக்கம் படுக்கைப் புண் வந்திருக்கிறது. பென்ஷன் தாளில் சர்வீஸ் எலிமென்ட், டிஸபிலிட்டி எலிமென்ட், டிஏ என்று மூன்றுதான் இருக்கிறது. ஆள் வைத்தால் பாதிப் பணம் அதற்கே போய்விடும். அவரும் வேறு ஆள் தன்னைத் தொடக் கூடாது என்கிறார். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம், மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். அரசாங்கத்தில் எங்களுக்கு ஏதாவது உதவி கிடைக்குமா? அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எனக்குப் பென்ஷன் வருமா? பெயர், ஊர் போட வேண்டாம்.
வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பென்ஷன் தாளைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன். மூன்று இனம்தான் வருகிறது என்கிறீர்கள். 100 சதவீத ஊனத்தோடு வெளியே வந்த ஒருவருக்கு நான்காவதாக ஒன்று வந்திருக்க வேண்டும், அல்லது ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு காரணமாவது காகிதத்தில் இருக்க வேண்டும். அதன் பெயர் கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். சுருக்கமாக சிஏஏ என்பார்கள். எப்போதும் கூட ஒருவர் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருக்கும் 100 சதவீத ஊனமுற்ற படைவீரருக்கு, ராணுவ மருத்துவர்கள் குழுவான மெடிக்கல் போர்டு பரிந்துரைத்தால், ஊன ஓய்வூதியத்துக்கு மேல் தனியாகத் தரப்படும் தொகை இது. நீங்கள் 25 வருடங்களாகச் செய்துகொண்டிருக்கும் வேலைக்கென்று அரசு ஒதுக்கியிருக்கும் பணம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் வெளியே வந்த காலத்தில் அது மாதம் 600 ரூபாய்தான். ஆறாவது ஊதியக் குழுவில் 3,000 ஆனது. ஏழாவது குழுவுக்குப் பிறகு 2017 ஜூலை முதல் 6,750. அகவிலைப்படி ஒவ்வொரு முறை 50 சதவீதம் ஏறும்போதும் இது 25 சதவீதம் உயர வேண்டும் என்பது விதி. அகவிலைப்படி 2024 ஜனவரியில் 50 சதவீதத்தைத் தொட்டது. ஆகவே இப்போது புதிதாகக் கேட்பவர் 6,750 என்று எழுதாமல், நடப்பு விகிதத்தில் என்று எழுதிக் கேட்க வேண்டும்.

முதலில் இரண்டு காகிதங்களைத் தேடுங்கள். ஒன்று பிபிஓ, அதாவது பென்ஷன் கொடுக்கச் சொல்லும் உத்தரவு. பழையதும் வேண்டும், ராணுவப் பென்ஷனைக் கையாளும் ஸ்பார்ஷ் என்ற இணையதளத்துக்கு மாற்றிய பிறகு வந்த புதியதும் வேண்டும். இரண்டாவது, வெளியே அனுப்பும்போது நடந்த மெடிக்கல் போர்டின் தாள்கள். அதில் கூட ஆள் வேண்டுமா என்ற கேள்விக்கு மருத்துவர்கள் பதில் எழுதியிருப்பார்கள். ஆம் என்று எழுதியிருந்து, பிபிஓவில் சிஏஏ இல்லாவிட்டால் உங்கள் வேலை சுலபம்: இரண்டு நகலையும் இணைத்து, அவருடைய பணிப் பதிவேடுகளை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்டு ஆபீசுக்கு ஒரு மனு, ஸ்பார்ஷ் தளத்தில் ஒரு புகார் பதிவு. பழைய பிபிஓவில் சிஏஏ இருந்து, ஸ்பார்ஷுக்குப் போனபோது விழுந்துபோயிருந்தால் இன்னும் சுலபம். வேண்டாம் என்றோ, எதுவும் எழுதாமலோ விட்டிருந்தால், இப்போதைய நிலையைக் காட்டி மறு மருத்துவப் பரிசோதனை கேட்டு ரெக்கார்டு ஆபீசுக்கு எழுத வேண்டும். அது நாள் பிடிக்கும்.

போர்டு தாள்கள் வீட்டில் இல்லை என்றால் பதற வேண்டாம், பாதிப் பேர் வீட்டில் இருக்காது. ரெக்கார்டு ஆபீசில் நகல் கேட்கலாம். சாதாரண மனுவுக்குப் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

இதே காகிதங்களில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். விபத்து நடந்தது 1999இல், கார்கில் பக்கம், கான்வாய் பணியில் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 ஜனவரி 31 தேதியிட்ட உத்தரவு, 1996க்குப் பிறகு வந்த ஊனங்களை ஏ முதல் இ வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. பணியில் இருக்கும்போது நடந்த சாதாரண விபத்து என்றால் சி வகை. அரசு அறிவித்த ராணுவ நடவடிக்கையில் ஏற்பட்ட ஊனம் என்றால் இ வகை. இ வகைக்குக் கிடைப்பது போர்க்காய ஓய்வூதியம், அது சாதாரண ஊனத் தொகையைவிடக் கணிசமாக அதிகம். உங்கள் கணவரை எந்த வகையில் போட்டார்கள் என்பது விபத்து விசாரணை அறிக்கையிலும் போர்டு தாளிலும் இருக்கும். கார்கிலில் நடந்தது என்பதாலேயே இ வகை கிடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். தேதி, இடம், அன்று அவருடைய யூனிட் எந்த நடவடிக்கையில் இருந்தது என்ற மூன்றும் பொருந்த வேண்டும். பொருந்தினால் அது கேட்டுப் பார்க்க வேண்டிய உரிமை. மனு தள்ளுபடியானால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு இருக்கிறது.

வக்கீல் செலவுக்குப் பயப்படாதீர்கள். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2025 ஜூலையில் வீர் பரிவார் சகாயதா யோஜனா என்று ஒரு திட்டம் தொடங்கியது. மாவட்ட அளவிலான படைவீரர் நல அலுவலகங்களில் இலவச சட்ட உதவி மையம் நடத்துவதுதான் அதன் வேலை. வேலூரில் எந்தக் கிழமை வக்கீல் வருகிறார் என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஒன்று மட்டும்: வழக்கு என்று போனால் பழைய நிலுவையை நீதிமன்றங்கள் மூன்று வருடத்தோடு நிறுத்திவிடுவது உண்டு. ஆகவே மனுவை இந்த மாதமே போடுங்கள், மகனுக்கு லீவு கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அப்புறம், யாராவது உங்களை அலையவிடக்கூடிய இரண்டு திட்டங்களைச் சொல்லிவிடுகிறேன். ராணுவ அமைச்சரின் நிதியிலிருந்து வறுமை நிதி என்று தருகிறார்கள், 2025 நவம்பர் முதல் அதை 4,000இலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தினார்கள். வாட்ஸ்அப்பில் முன்னாள் ராணுவத்தினர் எல்லாருக்கும் 8,000 என்று சுற்றியது இதுதான். ஆனால் அது பென்ஷன் இல்லாத, 65 வயது தாண்டியவர்களுக்கும் அப்படிப்பட்டவர்களின் விதவைகளுக்கும் மட்டுமே. உங்களுக்குக் கிடையாது, விட்டுவிடுங்கள். மாநில அரசின் மாற்றுத்திறனாளிகள் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், தண்டுவடம் பாதித்தவர்கள் அந்தப் பட்டியலில் உண்டு. விண்ணப்பம் போடலாம். ராணுவ ஓய்வூதியத்தைக் காட்டி மறுக்கவும் கூடும், அதனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நீங்கள் போக வேண்டியது வேறு காரணத்துக்காக. ராணுவ மெடிக்கல் போர்டு சான்றிதழை வைத்துக்கொண்டு பலர் மாநில அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை வாங்காமலே இருந்துவிடுகிறார்கள். இரண்டும் வேறு. தேசிய அளவில் செல்லும் யுடிஐடி அட்டையை வாங்கிவிட்டால், தண்டுவடம் பாதித்தவர்களுக்குத் தரும் பேட்டரி சக்கர நாற்காலிக்கு மனுப் போடலாம். ரயிலில் துணை இல்லாமல் பயணம் செய்ய முடியாதவருக்கும் கூடப் போகும் ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதச் சலுகை உண்டு, அதற்கென்று ரயில்வே தனியாக ஒரு அட்டை தரும். பின்னால் புனே பற்றிச் சொல்லப்போகிறேன், அதற்கு இது தேவைப்படும்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி இயக்குநரைப் பாருங்கள். கொடிநாள் நிதி, தொகுப்பு நிதி என்று அங்கே சில உதவிகள் இருக்கின்றன. 'ஏதாவது உதவி உண்டா' என்று கேட்டால் 'இல்லை' என்று பதில் வருவது எளிது. 'தண்டுவடம் செயலிழந்தவருக்குத் தொகுப்பு நிதியில் எந்த உதவிக்கு விண்ணப்பம் போடலாம், படிவம் கொடுங்கள்' என்று கேளுங்கள். மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

இனி உங்கள் அறுவை சிகிச்சை. இதை நீங்கள் செலவுக்காகத் தள்ளிப்போடுவது எனக்குக் கொஞ்சம் கோபமாகவே இருந்தது. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ்ஸின் அட்டை அவருக்கு மட்டுமல்ல, மனைவி என்ற முறையில் உங்களுக்கும் உண்டு. 2003இல் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். உங்கள் பெயரில் அட்டை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் வேலூரில் அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்குக்குப் போய் மகளிர் மருத்துவரின் சீட்டைக் காட்டி, பட்டியலில் உள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். அந்த வழியில் போனால் கர்ப்பப்பை அறுவைக்கு நீங்கள் கையிலிருந்து பெரிதாக எடுக்க வேண்டியிருக்காது. பரிந்துரை இல்லாமல் நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டுப் பிறகு பில்லைத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் சிக்கல். அவசரம் என்றால் மட்டும் எந்த மருத்துவமனையிலும் சேரலாம், 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவித்துவிட வேண்டும். இதை மகன், மகள் இருவர் போனிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் நீங்கள் ஐசியூ வாசலில் நிற்பீர்கள், நினைவு இருக்காது.

ஆனால் உங்கள் அறுவைக்கு முன்னால் அவருடைய புண்ணைக் கவனித்தாக வேண்டும். படுக்கைப் புண் மேலே சின்னதாகத் தெரிந்து உள்ளே ஆழமாகப் போயிருக்கும். உணர்வு இல்லாததால் அவருக்கு வலிக்காது, அதுதான் ஆபத்து. காய்ச்சல், கெட்ட வாடை, சீழ், புண்ணுக்கு அடியில் எலும்பு தட்டுப்படுவது என்று எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. அதுவரை அந்தப் புண்ணின் மேல் உட்காரவே கூடாது, நாற்காலியில் கொஞ்ச நேரம்தானே என்ற பேச்சே வேண்டாம். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையம் கடையில் விற்பார்கள், வாங்காதீர்கள், அது சுற்றியுள்ள தசைக்கு ரத்தம் போவதைத் தடுத்துப் புண்ணைப் பெரிதாக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிப் பொங்க வைப்பதையும் நிறுத்துங்கள். சாப்பாட்டில் முட்டை, பருப்பு, மீன் என்று புரதம் நிறையப் போகட்டும். சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

புண் ஆழமாக இருந்தால் சதை மூடும் அறுவை தேவைப்படும். அதற்கு அவரை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். பயந்துவிடாதீர்கள், இதில் உங்களுக்கு ஒரு வழியும் திறக்கிறது. அவர் மருத்துவமனையில் இருக்கும் அந்த வாரங்கள் நீங்கள் தூக்கிப் புரட்ட வேண்டாத வாரங்கள். மறுவாழ்வுப் பிரிவு உள்ள இடத்தில் சேர்த்தால் இன்னும் நல்லது. உங்கள் மாவட்டத்திலேயே பாகாயத்தில் சிஎம்சியின் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது, தண்டுவடம் பாதித்தவர்களுக்கு 1960களிலிருந்து அங்கே பயிற்சி தருகிறார்கள். ஈசிஎச்எஸ் மூலம் அங்கே போக முடியுமா, இல்லை வேறு எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்பதை பாலிகிளினிக்கில் கேட்டுவிட்டு நகருங்கள். ராணுவத்தின் வழியே போவதென்றால் புனே பக்கம் கிர்க்கியில் உள்ள ராணுவ மருத்துவமனைதான் தண்டுவடக் காயங்களுக்கு மையம். அங்கேயே முதுகுத்தண்டு பாதித்த வீரர்கள் தங்கி வாழும் மறுவாழ்வு மையமும் இருக்கிறது, மொகாலியில் இன்னொன்று. அங்கே நிரந்தரமாகச் சேர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தோடு இருப்பவருக்கு அது தேவையும் இல்லை. நாளைக்கு உங்களால் முடியாமல் போனால் அப்படி ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.

மறுவாழ்வுப் பயிற்சி என்று நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணம் உண்டு. இதை எழுதுவது உங்களுக்கும் அவருக்கும் கசக்கலாம். அவருக்கு உணர்வு இல்லாதது இடுப்புக்குக் கீழேதான். கைகள் நன்றாக இருக்கின்றன. கை நன்றாக உள்ள ஒருவர் தன் கதீட்டரைத் தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொள்ளலாம். நாளைக்கு நான்கு முதல் ஆறு முறை சுத்தமான கையால் போட்டு எடுக்கும் முறை அது, எப்போதும் குழாயை உள்ளே வைத்திருப்பதைவிடத் தொற்றும் குறைவு. படுக்கையிலிருந்து நாற்காலிக்குப் பலகை வைத்து நகரலாம், தானே புரண்டு படுக்கலாம், கண்ணாடி வைத்துத் தன் பின்பக்கத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம். 2000இல் வீட்டுக்கு வந்தபோது இதெல்லாம் யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம், அல்லது சொல்லிக்கொடுத்தும் நீங்கள் அன்பில் எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொண்டிருக்கலாம். நான் பார்க்கும் வீடுகளில் இரண்டாவதுதான் அதிகம். இப்போது மறுபடி கற்பதற்கு வயது தடையில்லை. தோள்பட்டை தாங்குமா என்று மட்டும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

1965 போரில் தண்டுவடத்தில் குண்டு பாய்ந்து, 1972இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்ற முரளிகாந்த் பெட்கரும் ராணுவத்துக்காரர்தான். ஆனால் அந்தக் கதையை உங்கள் கணவரிடம் சொல்லாதீர்கள். இத்தனை வருடத்தில் குறைந்தது பத்துப் பேராவது அவரிடம் அதைச் சொல்லியிருப்பார்கள்.

சரி, ஆள் வைக்கும் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் முழு நாள் ஆளைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பாதி பென்ஷன் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். உங்கள் ஒரு நாளை எழுதிப் பாருங்கள். உடம்பை உடைப்பது காலை வேளைதான்: மலம் எடுப்பது, குளிப்பாட்டுவது, தூக்கி நாற்காலியில் வைப்பது. இரவு மறுபடி ஒரு முறை தூக்கிப் படுக்கவைப்பது. மற்றதெல்லாம் கூட இருந்து பார்க்கும் வேலை. ஆகவே காலையில் இரண்டு மணி நேரம், இரவில் அரை மணி நேரம் வரும் ஒரு பலசாலியான ஆள் கிடைத்தால் போதும். சிஏஏ கைக்கு வந்தால் அதில் பெரும்பகுதி இதற்குச் சரியாகப் போகும். உங்கள் அறுவைக்குப் பிந்தைய ஆறு வாரமாவது மட்டும் முழு நாள் ஆள் வேண்டும். அந்தச் செலவை மகன், மகள் இருவரிடமும் தொகை சொல்லிக் கேளுங்கள். 'முடிந்ததைக் கொடு' என்று கேட்டால் யாருக்கும் எவ்வளவு என்று தெரியாது.

உங்கள் மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருப்பார். அதில் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு. கதீட்டர், புண் கட்டு, நோயாளியைப் புரட்டுவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மறுவேலைக்குப் பதிவு செய்தவர்களின் பட்டியல் வைத்திருப்பார்கள். உங்கள் ஊர்ப் பக்கம் அப்படி யாராவது இருக்கிறாரா என்று அங்கேயும் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலும் கேளுங்கள். வேறு ஆள் தொடக் கூடாது என்று சொல்லும் உங்கள் கணவர், இன்னொரு ஃபௌஜியை, அதாவது பட்டாளத்துக்காரரை, வேறு ஆளாக நினைக்காமல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவருடைய பிடிவாதத்தில் பாதி கூச்சம். இருபது வயதுப் பையன் வந்து உடுப்பைக் கழற்றுவதை அவரால் சகிக்க முடியாது. ஆளைத் தேர்ந்தெடுப்பதையும், எந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதையும் அவரிடமே விட்டுவிடுங்கள். ஹவில்தாரோ நாயக்கோ, ஆட்களை வேலை வாங்கிப் பழகியவர்தானே.

அப்படி ஆள் கிடைக்காமல் ஏஜென்சி வழியே போனால், முதுகுத்தண்டு பாதித்தவரை முன்பு பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். வயதானவர்களைப் பார்த்த அனுபவம் இதற்குப் போதாது. ஆள் வராத நாளில் மாற்று ஆள் அனுப்புவார்களா, ஆதார் நகலும் போலீஸ் சரிபார்ப்பும் உண்டா, சாப்பாடு யார் பொறுப்பு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். உங்கள் அறுவைக்கு மூன்று வாரம் முன்பே ஆளை வரவழைத்து, நீங்கள் பக்கத்தில் நின்று பழக்குங்கள். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் புது ஆள் வந்து நின்றால் இருவருமே திண்டாடிவிடுவார்கள். ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் யாரிடமும் போகக் கூடாது. கேன்டீன் கார்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பணம் இல்லாமல் வீட்டுக்கே வரும் உதவியும் ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சர்க்கரை மாத்திரைக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இயன்முறை சிகிச்சையாளரும், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கு வருவது அதே திட்டத்தில்தான். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைப் பதிவு செய்யுங்கள். தினமும் வர மாட்டார்கள். ஆனால் புண்ணைக் கட்டும் முறையை உங்களுக்கும் வேலைக்கு வரும் ஆளுக்கும் சொல்லிக்கொடுக்க அவர்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கட்டிலின் உயரத்தையும் சக்கர நாற்காலியின் உயரத்தையும் ஒன்றாக்கிவிடுங்கள். கட்டில் காலுக்கு அடியில் மரக்கட்டை வைத்தாலே போதும். வழுவழுப்பாக இழைத்த ஒட்டுப்பலகை ஒன்றை ஊர்த் தச்சரிடம் செய்து வாங்கிக்கொண்டால், தூக்குவது பாதி நகர்த்துவதாக மாறிவிடும். புது சக்கர நாற்காலி மாதிரி பெரிய சாதனம் வாங்குவதாக இருந்தால் கடைக்குப் போவதற்கு முன்னால் பாலிகிளினிக்கில் கேளுங்கள். நிபுணர் எழுதிக்கொடுத்தால் ஈசிஎச்எஸ் திருப்பித் தரும் பொருள்கள் உண்டு, அதற்கு விலை உச்சவரம்பும் உண்டு. வாங்கிவிட்டுப் போய் நின்றால் முறை தவறிவிட்டது என்பார்கள்.

வருடா வருடம் உயிர்ச்சான்றுக்காக அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தால் இனி வேண்டாம். மகனுடைய போனில் ஜீவன் பிரமாண் முக அடையாளச் செயலியைப் போட்டு, கட்டிலில் இருந்தபடியே முடித்துவிடலாம். போஸ்ட்மேன் வீட்டுக்கு வந்து செய்துகொடுக்கும் வசதியும் இருக்கிறது. ஓசூரில் இருக்கும் மகனுக்கு இதையும் ஸ்பார்ஷ் வேலைகள் முழுவதையும் கொடுத்துவிடுங்கள். தூரத்தில் இருப்பவன் செய்யக்கூடிய வேலை அது.

கடைசியாக நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டது. வரும். அவருக்குப் பின் உங்களுக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். மரணத்துக்குக் காரணம் ராணுவப் பணியால் வந்த காயமோ நோயோதான் என்று ஏற்றுக்கொண்டால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், அது 60 சதவீதம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் காகிதத்தில்தான் தீர்மானமாகிறது. தண்டுவடம் பாதித்தவர்களுக்குச் சிறுநீரகத் தொற்றும் படுக்கைப் புண்ணும் அந்தப் பழைய காயத்தின் தொடர்ச்சி. அதனால் ஒவ்வொரு முறை டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கும்போதும் 1999 தண்டுவடக் காயத்தைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார்களா என்று பார்த்து, இல்லையென்றால் அங்கேயே எழுதி வாங்குங்கள். ஒரு கோப்பில் தேதி வரிசையில் வையுங்கள். விதிகளில் கால வரம்புகள் உண்டு, அதைச் சட்ட உதவி மையத்தில் உங்கள் தாள்களைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதைவிட அவசரம், பிபிஓவில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கின்றனவா என்பது. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே, அவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே, ரெக்கார்டு ஆபீஸ் மூலம் திருத்துங்கள். அவருக்குப் பிறகு திருத்துவதென்றால் தாசில்தார் ஆபீஸ், நோட்டரி, அஃபிடவிட் என்று நீங்கள் தனியாக அலைய வேண்டியிருக்கும். பென்ஷன் போகும் வங்கிக் கணக்கையும் இருவர் பெயரில் மாற்றிவிடுங்கள்.

பிபிஓவின் நகலும் போர்டு தாளின் நகலும் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள். சிஏஏ மனுவை நான் எழுதித் தருகிறேன். ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் மையால் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.